“பில்ட் ஓடுதும்மா, முடிஞ்சதும் சாப்பிட வர்றேன்!”

போன மாதம் ஈரோட்டில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். இரவு எட்டரை மணி. கல்லிலிருந்து எடுத்த முதல் தோசை தட்டில் ஆறிக்கொண்டிருந்தது. அக்கா மகள் லேப்டாப்பை விட்டு எழுந்திருக்கவில்லை. ஏதாவது டைப் செய்துகொண்டிருந்தாலும் பரவாயில்லை. கன்னத்தில் கை வைத்தபடி, கறுப்புத் திரையில் வரிவரியாக ஓடும் வெள்ளை எழுத்துகளைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

“பில்ட் ஓடுதும்மா. முடிஞ்சதும் வர்றேன்.”

“எவ்வளவு நேரம்டி ஆகும்?”

“நாப்பது நிமிஷம்.”

அக்கா என் பக்கம் திரும்பினாள். “ஏன்டா தம்பி, நீயும் இதே வேலைதானே பாக்கறே? இவ வேலை செய்யறாளா, இல்ல வேடிக்கை பாக்கறாளா?”

வீட்டிலிருந்து வேலை என்று வந்த பிறகு, இந்தக் கேள்வி நிறைய வீடுகளில் கேட்கப்படுகிறது. அதற்கான பதில்தான் இந்த வாரம். ஐ.டி. வேலையில் இருப்பவர்களும் கடைசிவரை படிக்கலாம். உங்கள் 40 நிமிடத்தில் பாதிக்கு மேல் மிச்சமாக வாய்ப்பிருக்கிறது.

மிளகாய்ச் செடி நடுவதில்லையே!

நாம் சாம்பார் வைக்கிறோம். அதற்காக மிளகாய்ச் செடி நட்டு, துவரை விதைத்து, பெருங்காயப் பாலை உலர்த்தி எடுப்பதில்லை. கடையில் வாங்கி அஞ்சறைப்பெட்டியில் வைத்துக்கொள்கிறோம். ஆப் எழுதுவதும் அப்படித்தான். தேதியை அழகாகக் காட்டுவது, போட்டோவைச் சுருக்குவது, மின்னஞ்சல் முகவரி சரியா என்று பார்ப்பது போன்ற வேலைகளை யாரோ ஏற்கெனவே எழுதிப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். அப்படி எழுதிக் கட்டி வைத்த பொட்டலத்துக்குப் பெயர் ‘பேக்கேஜ்’. உங்கள் நிரல் ஒரு பேக்கேஜை நம்பியிருந்தால், அது உங்கள் நிரலின் ‘சார்பு’. அந்தப் பேக்கேஜ் இன்னும் நாலு பேக்கேஜை நம்பியிருக்கும். அவை ஒவ்வொன்றும் இன்னும் சிலவற்றை. இப்படியே போனால், சாதாரணமான ஓர் இணையதளத்துக்குக்கூட நூற்றுக்கணக்கான பேக்கேஜ்கள் வந்து இறங்கும்.

இதில் ஒரே ஒரு கடுகு டப்பா காணாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2016 மார்ச் 22-ம் தேதி உலகம் பார்த்தது. அசெர் கோச்சுலு என்ற நிரலாளருக்கும், பேக்கேஜ்களைச் சேமித்துத் தரும் ‘என்.பி.எம்.’ நிறுவனத்துக்கும் ஒரு பேக்கேஜின் பெயரை முன்னிட்டுத் தகராறு. கோபத்தில் அவர் தன்னுடைய பேக்கேஜ்கள் அத்தனையையும் நீக்கிவிட்டார். அவற்றில் ஒன்று ‘லெஃப்ட்-பேட்’. மொத்தமே 11 வரிகள். ஒரு சொல்லுக்கு இடப்பக்கம் தேவையான அளவுக்கு இடைவெளியோ பூஜ்யமோ சேர்ப்பது மட்டும்தான் அதன் வேலை. ஆனால், ‘பேபல்’ போன்ற பெரிய கருவிகள் சங்கிலித் தொடராக அதை நம்பியிருந்தன. உலகம் முழுக்க நிரலாளர்களின் பில்ட் படுத்துவிட்டது. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் என்.பி.எம். அந்தப் பேக்கேஜைத் திரும்பக் கொண்டுவந்தது. நினைத்தபோது பேக்கேஜை நீக்குவதற்கான விதிகளையும் அதன்பிறகு இறுக்கியது.

இது வெளியிலிருந்து வாங்கும் பொருளில் வந்த சிக்கல். நமக்குள்ளேயே எழுதிப் பகிர்ந்துகொள்வதில் வரும் சிக்கல் இதைவிட மோசம். அது எனக்கு நேர்ந்தது.

கல்லாவில் குறைந்த பணம்

பல வருடங்களுக்கு முன்பு, கடைகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேர் செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் இருந்தேன். எங்களிடம் மூன்று நிரல்கள். கல்லாவில் பில் போட ஒன்று, முதலாளி தன் கைபேசியில் விற்பனையைப் பார்க்க ஒன்று, ஆடிட்டருக்கு ஒன்று. மூன்றும் தனித்தனி ‘ரெப்போ’வில் இருந்தன. ரெப்போ என்றால் நிரலையும், அதில் யார் எப்போது என்ன மாற்றினார் என்ற வரலாற்றையும் சேர்த்து வைக்கும் பெட்டகம்.

பில்லில் பைசாவை முழு ரூபாயாக்கும் கணக்கு மூன்றுக்கும் வேண்டும். நான் அதை ஒருமுறை எழுதி, மற்ற இரண்டிலும் காப்பி செய்து ஒட்டினேன். ஒவ்வொரு பொருளின் விலையையும் தனித்தனியாக மேல் ரூபாய்க்கு ஏற்றும்படி எழுதியிருந்தேன். அது தவறு என்று பிறகு தெரிந்தது. எல்லாவற்றையும் கூட்டிவிட்டு, கடைசியில் ஒரே ஒருமுறைதான் ரவுண்டு செய்ய வேண்டும். கல்லா நிரலிலும் ஆடிட்டர் நிரலிலும் திருத்தினேன். கைபேசி ஆப்பில் திருத்த மறந்துவிட்டேன்.

ஜி.எஸ்.டி. சேர்த்து 47.25, 31.50, 18.90 என்று மூன்று பொருள்கள். கூட்டினால் 97.65. கல்லாவில் வாங்குவது 98 ரூபாய். ஆனால் முதலாளியின் கைபேசி 48, 32, 19 என்று ஏற்றிக் கூட்டி 99 என்று காட்டும். ஒரு பில்லுக்கு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய். நாளைக்கு 150 பில் போடும் கடையில் இரவு கணக்கு முடிக்கும்போது கல்லாவில் தினமும் இருநூறு ரூபாய்க்குக் குறையாமல் துண்டு விழுந்தது.

முதலாளி யாரைச் சந்தேகப்படுவார்? கம்ப்யூட்டரையா? கல்லாவில் உட்கார்ந்திருந்த பையனைத்தான். இரண்டு வாரம் சம்பளத்தில் பிடித்தார். பையன் வேலையை விட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகும் பணம் குறைந்ததால்தான் எங்களுக்கு போன் வந்தது. தவறு என்னுடையது என்று கண்டுபிடிக்க எனக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கடைக்காரர் அந்தப் பையனைத் தேடிப் போய், பிடித்த பணத்தைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டார். பணத்தை வாங்கிக்கொண்டான். திரும்ப வேலைக்கு வரவில்லை.

மூன்று இடத்தில் இருந்த ஒரு கணக்கு ஓரிடத்தில் இருந்திருந்தால், அவன் அந்தப் பேச்சைக் கேட்டிருக்க வேண்டியதில்லை.

ஒரே வீடு, பல அறைகள்

இதற்கு ஒரு வழி, எல்லா நிரல்களையும் ஒரே ரெப்போவில் வைப்பது. இதை ‘மோனோரெப்போ’ என்பார்கள். உள்ளே அறைகள் தனித்தனிதான். ஆப்கள் ஒரு ஃபோல்டரில், பொதுவான பேக்கேஜ்கள் இன்னொரு ஃபோல்டரில். ரவுண்டு செய்யும் கணக்கு ஒரு பேக்கேஜ் ஆகிவிடும். மூன்று ஆப்பும் அதையே எடுத்துக்கொள்ளும். அதில் கை வைத்தால், மூன்று ஆப்களின் சோதனைகளும் ஓடித் தேறிய பிறகே மாற்றம் உள்ளே போகும்படி அமைத்துக்கொள்ளலாம்.

இந்த முறையின் பெரிய உதாரணம் கூகுள். அங்கே பெரும்பாலான பொறியாளர்கள் ஒரே ரெப்போவில்தான் வேலை செய்கிறார்கள். 2015 ஜனவரி நிலவரப்படி அதில் இருந்தவை சுமார் 200 கோடி வரிகள், 86 டெராபைட் தரவு. இதை அந்நிறுவனத்தின் ரேச்சல் பாட்வினும் ஜோஷ் லெவன்பெர்க்கும் 2016-ல் எழுதிய கட்டுரையில் விளக்கியிருக்கிறார்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. ரெப்போவில் திருத்திவிட்டால் கடைக்காரரின் கைபேசியில் தானாகத் திருந்திவிடாது. அவர் ஆப்பை அப்டேட் செய்ய வேண்டும். ‘அப்டேட் வந்திருக்கு’ என்று போன் சொல்லும்போது தள்ளிப்போடாதீர்கள் என்று நாங்கள் கெஞ்சுவது இதனால்தான்.

பக்கத்து அறைப் பெருங்காயம்

ஒரே வீடு என்றானதும் அடுத்த கேள்வி: ஏழு அறைக்கு ஏழு அஞ்சறைப்பெட்டியா, பொதுவாக ஒன்றா?

ஏழு ஆப்பும் ஒரே பேக்கேஜை ஏழு தடவை தரவிறக்கினால் இடமும் நேரமும் வீண். அதைவிடப் பெரிய தொல்லை, ஒவ்வொன்றும் வெவ்வேறு பதிப்பை வைத்திருப்பது. ‘ரியாக்ட்’ தெரிந்தவர்களுக்கு இது புரியும். ஒரே பக்கத்தில் ரியாக்ட் இரண்டு பிரதிகள் நுழைந்துவிட்டால், சரியாக எழுதிய நிரல்கூடப் பிழை காட்டும்.

இதற்கு ‘ஒர்க்ஸ்பேஸ்’ என்ற வசதி இருக்கிறது. யார்ன், என்.பி.எம்., பி.என்.பி.எம். மூன்றிலும் உண்டு. எந்தெந்த ஃபோல்டர்கள் நம் வீட்டைச் சேர்ந்தவை என்று ஒருமுறை சொல்லிவிட்டால், எல்லோருக்கும் பொதுவானதை ஒருமுறை கொண்டுவரும். நம் சொந்தப் பேக்கேஜ்களை இணையத்தில் தேடாமல் பக்கத்து ஃபோல்டரிலிருந்தே இணைத்துக்கொடுக்கும். பி.என்.பி.எம். இன்னும் ஒருபடி மேல். கணினி முழுமைக்கும் ஒரே சேமிப்பறை வைத்துக்கொண்டு, அங்கிருந்து ஒவ்வொரு புராஜெக்ட்டுக்கும் இணைப்பு மட்டும் கொடுக்கும்.

கூடவே ‘லாக் ஃபைல்’. எந்தப் பேக்கேஜின் எந்தப் பதிப்பு வந்தது என்பதைத் துல்லியமாக எழுதி வைக்கும் மளிகைச் சீட்டு அது. சீட்டில் ‘மிளகாய்த்தூள்’ என்று மட்டும் எழுதினால் கடைக்காரர் எதையாவது கொடுப்பார். எந்தக் கம்பெனி, எத்தனை கிராம் என்றும் எழுதினால் எல்லா வீட்டிலும் ஒரே காரம் இருக்கும். லாக் ஃபைலை ரெப்போவில் சேர்க்காமல் விடுபவர்கள்தான், “என் கம்ப்யூட்டர்ல ஓடுதே!” என்று அடிக்கடி சொல்பவர்கள்.

பொதுப் பெட்டியில் ஒரு பொறி உண்டு. பக்கத்து ஆப் கொண்டுவந்த பேக்கேஜை, நம் பட்டியலில் எழுதாமலேயே பயன்படுத்திவிடுவோம். வேலை செய்யும். பக்கத்து அறைப் பெருங்காயத்தில் நாம் ரசம் வைப்பது மாதிரி. அவர்கள் ஒருநாள் அந்த டப்பாவைத் தூக்கிவிட்டால் நம் ரசம் கெட்டுவிடும். எதைப் பயன்படுத்துகிறோமோ அதை நம் பட்டியலிலேயே எழுதிவிடுவது நல்ல பழக்கம்.

பாதுகாப்புக்கும் இது முக்கியம். 2021 டிசம்பரில் ‘லாக்4ஜே’ என்ற ஜாவா பேக்கேஜில் பெரிய ஓட்டை இருப்பது வெளியானது. பல நிறுவனங்கள் திணறியது திருத்துவதில் மட்டுமல்ல, “இது நம்மிடம் எங்கெல்லாம் இருக்கிறது?” என்று கண்டுபிடிப்பதிலும்தான். ஒரே வீட்டில் ஒரே பட்டியல் இருந்தால், அந்தத் தேடல் சுலபம்.

சட்னியில் உப்பு குறைந்தால்...

இப்போது அக்காவின் கேள்விக்கு வருவோம். பில்ட் என்பது என்ன? மனிதர் எழுதிய நிரலை, கைபேசியும் கணினியும் ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றிக் கட்டுவது. மாவிலிருந்து இட்லி ஆவது.

இட்லிக்கு ஒரு வரிசை உண்டு. ஊறப்போட வேண்டும், ஆட்ட வேண்டும், புளிக்கவிட வேண்டும், அவிக்க வேண்டும். இதை மாற்ற முடியாது. ஆனால், இட்லி வேகும்போதே சட்னி அரைக்கலாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வேலைகளை ஒரே நேரத்தில் செய்வது முதல் சிக்கனம். எது எதை நம்பியிருக்கிறது என்ற வரைபடத்தைப் போட்டுக்கொண்டு, பில்ட் கருவிகள் இதைத்தான் செய்கின்றன.

இரண்டாவது சிக்கனம் இன்னும் பெரியது. சட்னியில் உப்பு குறைந்தால் யாராவது மறுபடி அரிசி ஊறப்போடுவார்களா? மாறியதையும், மாறியதை நம்பியிருப்பதையும் மட்டும் திரும்பச் செய்தால் போதும்.

இது புதிய யோசனையும் இல்லை. 1976-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் ‘மேக்’ என்ற கருவியை எழுதினார். அவருடைய சக ஊழியர் ஒருவர், சரியாகவே திருத்தப்பட்ட நிரலில் பிழை தேடிக் காலைப்பொழுது முழுவதையும் வீணாக்கியிருந்தார். திருத்திய ஃபைலை மறுபடி பில்ட் செய்ய மறந்ததுதான் காரணம். எந்த ஃபைல் எப்போது மாறியது என்று நேரத்தைப் பார்த்து, தேவையானதை மட்டும் கட்டும் கருவி அப்படிப் பிறந்தது. இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது.

கூகுள் 2015-ல் பொதுவில் வெளியிட்ட ‘பேஸல்’, பிறகு வந்த ‘என்எக்ஸ்’, ‘டர்போரெப்போ’ போன்றவை நேரத்துக்குப் பதில் உள்ளடக்கத்தைப் பார்க்கின்றன. ஃபைலில் இருப்பதைக் கொண்டு ஒரு கைரேகை எடுக்கும். ஓர் எழுத்து மாறினாலும் கைரேகை மாறிவிடும். மாறவில்லை என்றால், முன்பு கட்டியதை ‘கேஷ்’ என்ற சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடும். ஃபிரிட்ஜில் இருக்கும் மாவு! அந்தக் கேஷைக் குழுவுக்கே பொதுவாக வைத்தால், காலையில் ஒருவர் கட்டியதை மாலையில் இன்னொருவர் நொடிகளில் வாங்கிக்கொள்ளலாம்.

அன்றிரவு அக்கா மகளிடம் கேட்டேன். “இன்னிக்கு நீ எதை மாத்தின?”

“ஒரு பட்டனோட கலர், மாமா.”

“எத்தனை ஆப்ல?”

“ஒண்ணுலதான்.”

“திரையில எத்தனை ஆப் பில்ட் ஆகுது?”

எண்ணிப் பார்த்தாள். “ஏழு.” கொஞ்சம் தயங்கிவிட்டு, “நான் சேர்ந்ததுல இருந்து இப்படித்தான் மாமா ஓடுது” என்றாள்.

எல்லா வீட்டுக்கும் பொருந்துமா?

மோனோரெப்போ என்றாலே மோட்சம் என்று நினைக்க வேண்டாம். அக்கா மகளின் நிறுவனத்திலும் இருந்தது மோனோரெப்போதான். வீட்டை ஒன்றாக்கியவர்கள், எதைச் சமைக்க வேண்டும் என்று பார்க்கும் ஏற்பாட்டைச் செய்யவில்லை. தனித்தனியாக இருந்திருந்தால்கூட ஆறு ஆப்பின் பில்ட் மிச்சம்.

பெரிதானால் வேறு தொல்லைகளும் வரும். மைக்ரோசாஃப்ட் தன் விண்டோஸ் நிரலை ‘கிட்’டுக்கு மாற்றியபோது அதன் அளவு சுமார் 300 ஜி.பி., ஃபைல்கள் 35 லட்சம். சாதாரண கிட் அதைத் தாங்காது என்பதால், தேவையான ஃபைல்களை மட்டும் தேவையானபோது கொண்டுவரும் ஏற்பாட்டை அவர்களே எழுத வேண்டியிருந்தது. நம் ஊர் நிறுவனங்கள் பெரும்பாலானவற்றுக்கு அந்தக் கவலை வராது. ஆனால், யார் எந்த ஃபோல்டருக்குப் பொறுப்பு என்று எழுதி வைக்காவிட்டால், கூட்டுக் குடும்பத்தில் யாரும் கழுவாத பாத்திரம் மாதிரி பொது பேக்கேஜ்கள் கிடக்கும். வாடிக்கையாளர் ஒருவரின் நிரலை இன்னொருவருக்கான குழு பார்க்கவே கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தாலும் தனி வீடுதான் நல்லது.

கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளும், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களும் செய்யக்கூடியவை இவை:

ஒரே நிரலை இரண்டாவது இடத்தில் ஒட்டும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். பொது பேக்கேஜ் ஆக்க முடியுமா என்று பாருங்கள்.

லாக் ஃபைலை எப்போதும் ரெப்போவில் சேருங்கள்.

பில்ட்டில் எந்தப் படிக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று முதலில் அளந்து எழுதுங்கள். அளக்காமல் கருவியை மாற்றாதீர்கள்.

கேஷ் போடும்போது, பில்ட் எதையெல்லாம் பார்க்கிறது என்று முழுமையாகச் சொல்லுங்கள். ஃபைல்கள் மட்டும் போதாது. சர்வர் முகவரி போன்ற அமைப்புகளும் அதில் சேர வேண்டும்.

இந்தக் கடைசி விஷயத்தில் அக்கா மகளுக்கே சறுக்கியது. குழுத் தலைவரிடம் அனுமதி வாங்கி, மாறியதை மட்டும் கட்டும்படி மாற்றினாள். கேஷும் போட்டாள். மூன்றாம் நாள் பதற்றமாக அழைத்தாள். வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய பில்ட்டில், சோதனை சர்வரின் முகவரி இருந்தது. நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை, முகவரி மட்டும் மாறியிருந்தது. முகவரியையும் பார் என்று கருவியிடம் சொல்லாததால், அது பழைய மாவையே எடுத்துக் கொடுத்துவிட்டது. நல்லவேளையாக, வெளியிடும் முன்பு பரிசோதித்த பெண் கண்டுபிடித்துவிட்டார். முகவரியைப் பட்டியலில் சேர்த்ததும் சரியானது.

“அவங்க பார்க்கலைன்னா என்ன மாமா ஆயிருக்கும்?” என்றாள். கல்லாப் பையனின் கதையை அன்றுதான் அவளிடம் முழுதாகச் சொன்னேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா பேசினாள். நாற்பது நிமிட பில்ட் இப்போது சாதாரண நாள்களில் ஆறு நிமிடத்தில் முடிகிறதாம்.

“எட்டரை அடிச்சா தட்டைத் தூக்கிட்டு வந்து உக்காந்துடறாடா. சூடா அஞ்சு தோசை உள்ள போகுது. எனக்குத்தான் மாவு பத்த மாட்டேங்குது!”